பங்காளி ஊருக்குப் போற மாப்ளைக்கு

வா மாப்ளே, உக்காரு. என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது? மேலத்தெரு வழியா சுத்திட்டு வந்தியா? ஆமாமா, நேர் தெருவுல வந்தா உன் தம்பி வீட்டு வாசலைத் தாண்டணும். வேலியோரத் தென்னை யாரோடதுன்னு கோர்ட்டு சொல்ற வரைக்கும் நீ சுத்தித்தான் வரணும். மரம் காய்ப்பை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு, அதை யாரும் கோர்ட்டுல சொல்லலை போல. சரி, அண்ணன் தம்பி விவகாரத்துல தாய்மாமன் நான் எதுக்கு வாயைக் குடுக்கணும். இந்தா, மோரைக் குடி.

கையில என்ன, பத்திரிகையா? ஓ, டூர் நோட்டீஸா! ‘12 நாளில் 6 நாடுகள். பால்கன் மலைகளும் பழம்பெரும் நகரங்களும்.’ பேஷ். உங்க அம்மா ஒரு காதுகுத்துக்குப் போனாலே மூணு நாள் தங்குவா. நீ ஒரு நாட்டுக்கே ரெண்டு நாள்தான் குடுக்குறே. அதுல தூக்கம் போக, பஸ் போக, உன் வீட்டுக்காரி போட்டோ எடுக்கிற நேரம் போக, நாட்டுக்கு மூணு மணி நேரம் மிஞ்சும். தாராளம்தான்.

சிரிக்காதே. நான் போய்ட்டு வந்தவன். போன ஆனி மாசம் மகளும் மருமகனும் ஜெர்மனியில இருந்து இழுத்துட்டுப் போய் இதே மாதிரி ஒரு கூட்டத்துல என்னைச் சேத்து விட்டாங்க. நாப்பது வருஷம் செம்மறிக் கிடை போட்ட கீதாரி நான். ஆடா நடந்து பாத்தது அங்கேதான்.

எப்படின்னு கேளு. ஒரு பொம்பளைப் புள்ளை சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடிச்சுட்டு முன்னால போகும். அது தொரட்டிக் கம்பு. காதுல ஒரு குமிழை மாட்டி விடுவாங்க, அந்தப் புள்ளை பேசறது அதுல கேக்கும். அது நாம போடுற காதுக்குறி. பஸ்ஸுல ஏறும்போது தலையை எண்ணும். நாப்பத்திரெண்டு இருக்கணும். நாப்பத்தொண்ணுதான் இருந்துச்சுன்னா, ஐஸ்கிரீம் கடை வாசல்ல ஒரு ஆடு நிக்குதுன்னு அர்த்தம். அந்த ஆடு நீயா இருக்காதே. நாப்பத்தொரு பேரோட சாபத்தை வாங்கிட்டு மலை ஏறுறது நல்லதில்ல.

இப்ப நான் சொல்லப் போறது நோட்டீஸ்ல இருக்காது. பால்கன்ங்கிறது துருக்கிச் சொல்லு, காடடர்ந்த மலைன்னு அர்த்தம். மலை என்னவோ மலைதான். ஊருங்கதான் பங்காளி வீடுங்க. யூகோஸ்லாவியான்னு ஒரு கூட்டுக்குடும்பம் இருந்துச்சு. டிட்டோன்னு குடும்பத்துப் பெரியவர் 1980-ல கண்ணை மூடினார். 1991-ல பாகப்பிரிவினை ஆரம்பிச்சுது. ஸ்லோவேனியா, குரோஷியா, மாசிடோனியா, போஸ்னியான்னு ஒவ்வொண்ணா தனி அடுப்பு வச்சுது. 2006-ல மாண்டினீக்ரோ போச்சு. 2008-ல கொசோவோ போறேன்னுது, செர்பியா இன்னும் ஒத்துக்கலை. வெண்கலப் பானையைப் பிரிச்ச கதையில்ல இது. போஸ்னியாவுல மட்டும் 1992-லேர்ந்து 1995 வரைக்கும் ஏறக்குறைய ஒரு லட்சம் உசுரு போச்சு. அதனால அங்கே போற விருந்தாளிக்கு வேண்டிய முதல் சாமான் வாய்ப்பூட்டு. குளிர் கோட்டெல்லாம் அப்புறம்.

முதல்ல விசாவைக் காட்டு. குரோஷியா 2023-லேர்ந்து ஷெங்கன் வீட்டுக்குள்ள, யூரோ காசுக்குள்ள. போஸ்னியா வெளியில. துப்ரோவ்னிக்ல இருந்து மோஸ்டாருக்கு ஒரு நடை போய்ட்டுத் திரும்பினா, நீ வீட்டை விட்டு இறங்கி மறுபடியும் ஏறுற கணக்கு. ஒரு தடவை நுழையற விசாவோட போனே, திரும்பும்போது கதவு சாத்தியிருக்கும். பல தடவை நுழையறதான்னு பாத்துக்க. மாண்டினீக்ரோ சங்கதி இன்னும் வேடிக்கை. அது ஐரோப்பிய ஒன்றியத்துலயே இல்ல, ஆனா யூரோவைத்தான் செலவழிக்குது. சொந்தக்காரன் இல்லேன்னாலும் பந்தியில உக்காந்துட்ட ஆளு. போஸ்னியாவுல மார்க்கு, அல்பேனியாவுல லெக்கு, மாசிடோனியாவுல தினாரு. ஒவ்வொரு எல்லையிலயும் மிச்சச் சில்லறை உன் ஜேபியிலேயே தங்கிடும்.

ஜேபின்னதும் ஞாபகம் வருது. சரயேவோவுல பஷ்சார்ஷியான்னு பழைய கடைத்தெரு, செம்புப் பாத்திரம் தட்டுற சத்தம் காதைப் பிளக்கும். அங்கே ஒரு கடைக்காரர் என்னைப் பாத்து, சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி ‘ஜெப், ஜெப்’ன்னார். ஜேப்படிக்காரன் இருக்கான், பாத்துக்கன்னு சொல்றார்! அவங்களுக்கும் பை ஜெப்புதான். இனாம் குடுத்தா பக்‌ஷிஷ். பாதாமுக்கு படெம், மைதானத்துக்கு மெய்தான். அரபியும் பாரசீகமும் துருக்கிக்காரன் குதிரையில ஏறி அங்கே போச்சு, நவாப்பு குதிரையில ஏறி இங்கே வந்துச்சு. அல்வாவும் அங்கே ஹல்வாதான். ஆனா நாம குடுக்கிற அர்த்தத்துல அவங்க குடுக்கிறதில்ல. அந்த அர்த்தத்துல குடுக்க உன் டூர்க்காரன் இருக்கான், கவலைப்படாதே.

பங்காளி வீட்டுல வாய் தவறாம இருக்கறது எப்படின்னு காபியில இருந்து பழகு. ஒரே காபிதான். பொடியைப் போட்டுக் கொதிக்க வச்சு, வண்டலோட ஊத்திக் குடுக்கறது. அதுக்குப் போஸ்னியாவுல கஹ்வா, செர்பியாவுல காஃபா, குரோஷியாவுல காவா. சரயேவோவுல உக்காந்துட்டு ‘துருக்கிக் காபி’ன்னு கேட்டேன்னு வை, கடைக்காரர் சிரிச்சுட்டே ‘போஸ்னியக் காபி’ன்னு திருத்துவார். அந்தச் சிரிப்புல கொஞ்சம் உப்பு இருக்கும். செம்புத் தட்டுல நீளக் கைப்பிடி வச்ச குட்டிச் செம்பு, பிடியில்லாத கிண்ணம், சர்க்கரைக் கட்டி, ஒரு துண்டு லோகும் மிட்டாய் எல்லாம் வரும். சர்க்கரையைக் காபிக்குள்ள போடாதே. காபியில நனைச்சுக் கடி, மேல ஒரு மடக்கு குடி. எங்க கூட்டத்துல ஒருத்தர் மூணே மடக்குல வண்டலோட குடிச்சுட்டு, சாயந்திரம் வரைக்கும் மீசையைத் துடைச்சுட்டே வந்தார்.

புரெக்குன்னு ஒரு சமாச்சாரம் உண்டு, மெல்லிசு மாவைச் சுருட்டிச் சுட்டது. மத்த ஊர்ல பாலாடைக்கட்டி வச்சாலும் புரெக்குதான். போஸ்னியாவுல கறி வச்சாத்தான் அந்தப் பேரு. பாலாடைக்கட்டின்னா சிர்னிட்சா, கீரைன்னா செல்யானிட்சா, உருளைக்கிழங்குன்னா க்ரும்பிருஷா. ‘சீஸ் புரெக்கு’ன்னு கேக்கறது, நம்ம ஊர்ல ‘கத்தரிக்காய் மட்டன் பிரியாணி’ கேக்கற மாதிரி. உன் வீட்டுக்காரி சைவமாச்சே? செர்பியாவுலயும் மாண்டினீக்ரோவுலயும் ‘போஸ்னோ’ன்னு கேக்கச் சொல்லு. அவங்க விரதச் சாப்பாடு, கறி, பால், முட்டை கிடையாது. மீனு மட்டும் சில நேரம் விரதத்துக்குள்ள நீந்தி வந்துடும், அதை முன்னாடியே கேட்டுக்கணும். மாசிடோனியாவுல தாவ்ச்சே கிராவ்ச்சேன்னு மண்சட்டியில சுட்ட மொச்சை மாதிரிப் பயறு. உங்க அம்மா வச்ச மாதிரியே இருக்கும், ஆனா அதை அவகிட்ட சொல்லாதே.

இன்னொண்ணு, தலையை ஆட்டுறது. அல்பேனியாவுல பழைய ஆளுங்க, பல்கேரியாவுல அநேகமா எல்லாரும், ‘ஆமா’ன்னா தலையைப் பக்கவாட்டுல ஆட்டுவாங்க, ‘இல்ல’ன்னா மேலும் கீழும். நம்ம தலை ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆட்டு ஆட்டுமே, அதை அங்கே ஆட்டினா பரிமாறுறவர் குழம்பிப்போய் மூணாவது தட்டையும் வச்சுட்டுப் போய்டுவார். நான் அதை வேணும்னே ஒரு தடவை செஞ்சேன்.

துப்ரோவ்னிக்கைப் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். 1,940 மீட்டர் மதில், பளிங்கா வழுக்குற தெரு, ஒரு கப்பல் வந்து நின்னா இறங்குற கூட்டம். மத்தியானம் அங்கே நின்னா உன் காலு எது, அடுத்தவன் காலு எதுன்னு தெரியாது. ஆனா அந்த ஊர்க்காரங்களோட மூளையை நீ தெரிஞ்சுக்கணும். அப்ப அது தனிக் குடியரசு, பேரு ரகுசா. பக்கத்துல வெனிஸ்காரன் பரம வைரி. அவனோட வரப்பு ஒட்டக் கூடாதுன்னு, 1699-ல போட்ட உடன்படிக்கையில ரெண்டு பக்கமும் ஒரு துண்டு நிலத்தைத் துருக்கிக்காரனுக்கு விட்டுக் குடுத்தாங்க. ‘நடுவுல முரடன் இருக்கட்டும், பங்காளி வேண்டாம்’னு. அதுல ஒரு துண்டுதான் இன்னைக்குப் போஸ்னியாவோட நேயூம். மொத்தம் இருபது கிலோமீட்டர் கடற்கரை. அதனால குரோஷியாக்காரன் தன் வீட்டுல இருந்து தன் வீட்டுக்குப் போக அடுத்தவன் வாசலைத் தாண்டி, பாஸ்போர்ட்டைக் காட்டிட்டுப் போனான். கடைசியில 2022-ல கடல் மேல பெல்யேஷாட்ஸ் பாலம் கட்டினாங்க, 2.4 கிலோமீட்டர். ஒரு வாசலைத் தாண்டாம இருக்க எம்மாஞ் செலவு பாரு. நீ சும்மா மேலத்தெருவைத்தான் சுத்துறே, உனக்குச் செலவு கம்மி.

மோஸ்டாருக்கு வருவோம். நெரெட்வா ஆத்து மேல ஒத்தை வளைவுல நிக்குற கல்பாலம். துருக்கி சுல்தான் காலத்துல, 1566-ல மிமார் ஹைருதீன் கட்டி முடிச்சது. சாரத்தைப் பிரிக்கிற அன்னைக்கு, பாலம் விழுந்தா தலை போகும்னு அவர் தனக்குக் குழி தோண்டி வச்சுட்டுக் காத்திருந்தார்னு ஊர்ல கதை சொல்வாங்க. பாலம் விழலை. நானூத்தி சொச்சம் வருஷம் நின்னுச்சு. 1993 நவம்பர் 9-ல போஸ்னியக் குரோஷியர்களோட படை பீரங்கியால அடிச்சு ஆத்துல தள்ளிடுச்சு. அதே மாதிரிக் கல்லுல, அதே வளைவுல திரும்பக் கட்டி 2004 ஜூலை 23-ல திறந்தாங்க.

இப்ப அதுல ஏறினா, ஜட்டியோட பையனுங்க கைப்பிடியில நிப்பாங்க. குதிக்கப் போறான் போறான்னு எல்லாரும் போனைத் தூக்குவாங்க. குதிக்க மாட்டான். இருபது மீட்டருக்கு மேல உயரம், கீழே ஐஸ் மாதிரித் தண்ணி. அவன் கூட்டாளி தொப்பியை நீட்டிட்டு வருவான். தொப்பி ரொம்பினாத்தான் குதிப்பு. உங்க கைடு குடையைத் தூக்கிடும்கிறதால, நீங்க காசு போட்டு, அடுத்த கூட்டம் குதிப்பைப் பாக்கும். இதுக்கு என் யோசனை என்னன்னா, தொப்பி பாதி ரொம்பின நேரமாப் பாத்துப் பாலத்துக்குப் போ.

பாலத்தோரம் ஒரு கல்லு கிடக்கும். அதுல ‘93-ஐ மறக்காதே’ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. மருமகன் படிச்சுச் சொன்னார். எங்க கூட்டத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார், நல்ல மனுஷன்தான், காபி குடுக்க வந்த பையன்கிட்ட ‘உங்களை அடிச்சது யாரு? நீ எந்தக் கட்சி?’ன்னு கேட்டுட்டார். அந்தப் பையன் தட்டை மெதுவா வச்சான். தண்ணி டம்ளரை நேரா வச்சான். கைக்குட்டைக் காகிதத்தை மடிச்சு வச்சான். ஒண்ணும் பேசாம போய்ட்டான். பில்லு வேற ஆள் கையில வந்துச்சு. அந்தக் கேள்வியை நீ கேக்காதே மாப்ளே. அவங்களா சொன்னா, காதைக் குடு. அடுத்த ஊர்க்காரன் அதையே தலைகீழாச் சொல்லுவான். அங்கேயும் காதைக் குடு. இந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதே.

சரயேவோவுல ரோஜா பாக்கலாம்னு கைடு சொல்லும். பூக்கடையைத் தேடி மேலே பாக்காதே, கீழே பாரு. சண்டையில அந்த ஊரைச் சுத்தி வளைச்ச முற்றுகை 1,425 நாள் நடந்துச்சு. குண்டு விழுந்து சிதறின தரைத் தழும்புல சிவப்புப் பிசினை ஊத்தி வச்சிருக்காங்க, அதுதான் ரோஜா. அது மேல நின்னு செல்பி எடுக்கிறவங்க இருக்காங்க. நீ ஒதுங்கி நட, போதும். 1914 ஜூன் 28-ல இளவரசரைச் சுட்டு முதல் உலகப் போருக்கு வழி வச்ச முக்கும் அங்கேதான், லத்தீன் பாலத்துப் பக்கம். சுட்ட பிரின்சிப் வீரனா, கொலைகாரனா? அதையும் கேக்காதே. ஒரே தெருவுல ரெண்டு பதிலும் கிடைக்கும்.

செத்துப்போன பெரிய மனுஷங்களையும் பங்கு போட்டுக்குவாங்க. டெஸ்லா 1856-ல பொறந்த கிராமம் இன்னைக்குக் குரோஷியாவுல இருக்கு, குடும்பம் செர்பியக் குடும்பம். குரோஷியா யூரோ காசுல படம் போட்டுச்சு, செர்பியா பெல்கிரேடு விமான நிலையத்துக்குப் பேரு வச்சுது. அன்னை தெரசா 1910-ல ஸ்கோப்யேவுல பொறந்த அல்பேனியப் புள்ளை. ஸ்கோப்யேவுல நினைவு இல்லம், டிரானாவுல விமான நிலையம், பிரிஷ்டினாவுல தேவாலயம். நீ குறுக்கே பூந்து ‘கல்கத்தா’ன்னு ஆரம்பிக்காதே, ஏற்கெனவே மூணு வாதி இருக்காங்க. அதே ஸ்கோப்யே நடுவுல 2011-ல பிரமாண்டமா ஒரு குதிரை வீரன் சிலை வச்சாங்க. பச்சைப் புள்ளை பாத்தாலும் அலெக்சாந்தர்னு சொல்லும். ஆனா கிரீஸ் சண்டைக்கு வரும்னு அதிகாரப் பேரு ‘குதிரை மேல் வீரன்’. நாட்டோட பேருக்கே சண்டை வந்து, 2019-ல வட மாசிடோனியான்னு மாத்திக்கிட்டாங்க.

அந்த நாட்டு ஒரு தினார் காசை மட்டும் செலவழிக்காம எனக்குக் கொண்டா. அதுல ஷார்ப்ளானினாட்ஸ்ங்கிற ஆட்டு நாய் நிக்குது. ராஜா இல்ல, மந்திரி இல்ல, கிடை காக்குற நாய்! அந்த ஒரு காசுக்காக அந்த நாட்டுல நான் எல்லாரையும் மன்னிச்சேன், ஓஹ்ரிட் முத்துக் கடைக்காரனைத் தவிர. ஓஹ்ரிட் ஏரி 288 மீட்டர் ஆழம், சொக்கிப் போவே. ஆனா அது முத்து விளையற ஏரி இல்ல. சிப்பியை உருட்டி, பிளாஷிட்சாங்கிற மீனோட செதில்ல எடுத்த பூச்சைப் பூசறாங்க. வேலைப்பாடு அழகு. அழகுக்குக் காசு குடு, முத்துன்னு நினைச்சுக் குடுக்காதே.

மாண்டினீக்ரோன்னா கருமலை. கோட்டோர் ஊருக்குப் பின்னால மலைக் கோட்டைக்கு 1,350 படி. உன் தொப்பைக்கு நானூறு போதும், அங்கே உக்காந்து பூனைகளைப் பாரு, ஊர் நிறைய இருக்கு. அங்கேருந்து மேலே போற பழைய ரோட்டுல 25 கொண்டை ஊசி. கொடைக்கானல்லயே உன் நிலைமை என்னன்னு எனக்குத் தெரியும், எலுமிச்சம்பழம் எடுத்துக்க. சோம்பேறிங்கன்னு அக்கம்பக்கத்துக்காரங்க அவங்களைக் கேலி பண்ணுவாங்க. அவங்க கோவிச்சுக்கலை. நிக்‌ஷிச் பக்கம் ஒரு கிராமத்துல வருஷா வருஷம் யாரு அதிக நாள் படுத்தே கிடக்கறதுன்னு போட்டி வச்சு அதுக்குப் பரிசும் குடுக்கறாங்க. உங்க அப்பா இருந்திருந்தா கோப்பை நம்ம ஊருக்கு வந்திருக்கும்.

ஆனா தாரா ஆத்துப் பள்ளத்தாக்குல கேலியை நிறுத்திடுவே. 1,300 மீட்டர் ஆழம். குறுக்கே 1940-ல கட்டி முடிச்ச பாலம். 1942-ல இத்தாலிப் படை வரக் கூடாதுன்னு அதைத் தகர்க்க வேண்டி வந்துச்சு. தகர்க்க உதவினது யாரு தெரியுமா? அதைக் கட்டின இன்ஜினீயர்கள்ல ஒருத்தர், லாசர் யாவ்கோவிச். ஒரு வளைவை மட்டும் வெடிச்சார். அவரைப் பிடிச்சு அந்தப் பாலத்துலயே கொன்னாங்க. சண்டை ஓய்ஞ்சதும் 1946-ல அந்த வளைவைத் திரும்பக் கட்டினாங்க.

அதுக்கு மேலே துர்மிட்டோர் மலை. அங்கே நான் கூட்டத்தை விட்டு ஒதுங்கினேன். ஆமாடா, நாப்பத்திரெண்டாவது ஆடு நான்தான். கோடைக்கு ஆடு மாட்டை ஓட்டிட்டு மேலே போய்த் தங்குற குடிசைகளுக்குக் கதூன்னு பேரு. நம்ம கிடைதான், கூரை மட்டும் செங்குத்து. வாசல்ல ஒரு கிழவர். பேச்சு இல்ல. நான் நேரா ஒரு ஆட்டைப் பிடிச்சு, வாயைத் திறந்து பல்லைப் பாத்தேன். நாலு பல்லு. நாலு விரலைக் காட்டினேன். கிழவர் கெக்கெக்கேன்னு சிரிச்சு, உள்ளே இழுத்துட்டுப் போய்ட்டார். வீட்டம்மா பானையில மரக்கட்டையால கிண்டிட்டிருந்தா. சோளமாவும் உருளைக்கிழங்கும் சேத்து, பாலாடையைப் போட்டு, கை ஓயக் கிண்டினா. கச்சமாக்குன்னாங்க. களிடா மாப்ளே! தொட்டுக்கப் புளிச்ச பாலு. நாடு விட்டு நாடு போய், ஓட்டல்ல ஆறு நாளா வறட்டு ரொட்டியைக் கடிச்சவனுக்கு, மலை உச்சியில களியும் மோரும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. புகைதான்.

கிழவர் எந்தச் சாதி, எந்த மதம், சண்டையில எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. கீதாரி அதைக் கேக்க மாட்டான். அண்ணன் வயல்ல இன்னைக்குக் கிடை, தம்பி வயல்ல நாளைக்குக் கிடை. ‘அவன் என்னைப் பத்தி என்ன சொன்னான்?’னு ரெண்டு பேரும் கேப்பாங்க. ‘ஆடு மேயற சத்தத்துல காது கேக்கலைங்க’ன்னுடுவேன். ரெண்டு வயல்லயும் புழுக்கை ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் நெல்லு விளைஞ்சுது, எனக்கும் கூலி வந்துச்சு. கூட்டத்தோட போற உனக்கும் அதுதான் சூத்திரம்.

என்ன எந்திரிச்சுட்டே? இரு, கடைசியா ஒரு சாமான் எழுதிக்க. சரயேவோவுல லோகும் மிட்டாய் வாங்குவே இல்ல, எனக்கு ஒரு டப்பா. இன்னொரு டப்பா சேத்து வாங்கு. யாருக்கா? நீ பாட்டுக்கு வாங்கிட்டு வா, வந்ததும் சொல்றேன். அடிச்சு ஆத்துல தள்ளின பாலத்தை நிமுத்திக் கட்டியிருக்காங்கன்னு அம்மாந் தூரம் போய்ப் பாத்துட்டு வரப் போறே. அந்தக் கதையைச் சொல்ல இங்கே வரும்போது மேலத்தெரு வேண்டாம். நேர் தெருவுலயே வா, வேர்க்காது.